தபால் பதிவேட்டிலிருந்து வட்ஸ்அப் வரை

நூற்றாண்டு மலருக்காக எமது சங்கத்தின் பழைய ஆவணங்களைத் தேடத் தொடங்கியபோது, மிகப் பழையவைதாம் கிடைக்காமற் போகும் என்று எண்ணியிருந்தோம். நடந்தது வேறு. அறுபதுகளின் கூட்டக் குறிப்புகள், ஓரங்களைக் கறையான் அரித்திருந்தாலும், அலுமாரியில் இருந்தன. எத்தனை முத்திரை வாங்கினோம், யாருக்கு எழுதினோம் என்பதெல்லாம் தபால் பதிவேட்டில் இருக்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் விடயங்களே கிடைக்கவில்லை. அவை யாவும் வட்ஸ்அப் குழுவில் பேசப்பட்டவை. கைத்தொலைபேசிகள் மாறியபோது அவையும் போயின.

நாம் படித்த காலத்தில் தொலைபேசி அதிபரின் அறையில் மட்டுமே இருந்தது. அது ஒலித்தால் யார் வீட்டிலோ மரணம் என்று விடுதிப் பிள்ளைகள் பயப்படுவார்கள். தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கடிதமே துணை. 1989இல் இலங்கைக்குச் செல்லிடத் தொலைபேசி வந்தது. 1995இல் வர்த்தக இணையச் சேவையும் வந்தது. எமக்கோ நகரத்துக் 'கொமியூனிகேஷன்' கடையின் கண்ணாடிக் கூடுதான் வெகுகாலம் தொலைபேசி. வெளிநாட்டிலிருந்த தாயுடன் பேச, நிமிடக் கணக்கைப் பார்த்துப் பார்த்து அழுதவர்களும் எம்மிடையே உண்டு.

இணையம் எம் பக்கத்துக்கு வந்த ஒரு வழியை இன்றைய மாணவியர் அறிந்திருக்க மாட்டார்கள். மகாவலித் திட்டத்தில் இடம்பெயர்ந்த மக்களுக்கான சமூக வானொலியாகக் கொத்மலையில் ஒரு நிலையம் 1989இல் தொடங்கப்பட்டது. தொண்ணூறுகளின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அதற்கு இணைய இணைப்புக் கிடைத்தது. நேயர்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் இருந்ததை மக்களின் மொழியில் வானொலியில் விளக்குவார்கள். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் இணைய வசதி செய்யப்பட்டது. இணையத்துக்கும் கேட்பவருக்கும் நடுவில் பெயரும் முகமும் உள்ள ஒருவர் இருந்தார். பிழையாகச் சொன்னால் மறுநாள் சந்தையில் அவரையே பிடித்துக் கேட்கலாம். திறன்பேசி கைக்கு வந்ததும் அந்த நடு ஆள் இல்லாமற் போனார். அதை அப்போது நாம் ஒரு குறையாக நினைக்கவே இல்லை.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கப்படுவதாக ஒரு வதந்தி கிளம்பியது. அது மருந்தல்ல, மாவுக்கட்டி என்று பரிசோதனை பின்னர் காட்டியது. அதற்கிடையில் அந்த வதந்தி எமது குழுவுக்கும் வந்துவிட்டது. எம்முள் மூவர் யோசிக்காமல் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பினோம். அக்குறணைத் தோழி ஒருவர், “நாளைக்கு என் அண்ணன்ட கடையையும் இப்படித்தானே சொல்வாங்க?” என்று எழுதினார். யாரும் பதில் எழுதவில்லை. நாமும்தான்.

மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை அரசாங்கம் முடக்கியது. வன்முறை அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் பரவியது. தடைகள் ஒவ்வொன்றாக நீங்கி, மார்ச் 15இல் பேஸ்புக்கும் திரும்பியது. அந்நிறுவனம் சுயாதீன மதிப்பீடு ஒன்றைச் செய்வித்து, தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளை வாசித்து நீக்கப் போதிய ஆட்கள் அதனிடம் இருக்கவில்லை.

ஊரடங்கில் குழுவும் இல்லாதபோது, சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் எஞ்சின. கட்டுகஸ்தோட்டையிலிருந்த ஒரு தோழி, மகளின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, எமது வகுப்பார் அனைவரின் பெயரையும் எழுதி ஒவ்வொருவரையும் அழைத்தார். பேசியவர்களின் பெயருக்கு எதிரே சரி அடையாளம். அக்குறணைத் தோழியின் பெயருக்கு எதிரே, “கதவு பூட்டி உள்ளே. பிள்ளைகள் சுகம். சத்தம் கேட்குதாம்” என்று இருக்கிறது. அவர் குழுவை விட்டு விலகியிருந்ததைக்கூட அன்றுதான் கவனித்தோம். திரும்பி வர ஓராண்டு சென்றது. அந்த வதந்தியை அனுப்பிய மூவரும் நேரில் போய்ப் பேசிய பிறகே வந்தார்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. எம் பிள்ளைகள் திரையில் படித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார்கள். அப்போது பழைய கைத்தொலைபேசிகளைச் சேகரித்துக் கொடுத்ததும் இதே குழுவின் வழியாகத்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தக் கொப்பித்தாளை இம்மலரில் அச்சிட விரும்பினோம். வீட்டு இலக்கங்கள் இருப்பதால் விட்டுவிட்டோம். தபால் பதிவேட்டுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருக்கிறோம்.