கனிமீடு வளிமண்டலம்: காவலூர் அளவீடு, 1972

வியாழனின் மிகப் பெரிய துணைக்கோளான கனிமீட்டைச் சுற்றிக் காற்று உண்டா என்று தேடிய தொடக்ககால அளவீடுகளில் ஒன்று, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் எடுக்கப்பட்டது. வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் இது; 1968-இல் இங்கே நோக்குப் பணி தொடங்கியது.

1972 ஜூன் 7 அன்று கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. காற்றே இல்லாத கோளம் மறைத்தால் விண்மீன் சட்டென அணைந்துவிடும். காற்று இருந்தால் அது ஒளியை வளைத்துப் பரப்புவதால், விண்மீன் மங்கி மங்கித்தான் மறையும். அந்த மங்கலைப் பிடிப்பது எளிதல்ல. கனிமீடு அந்த விண்மீனைவிடப் பிரகாசமானது. ஆகவே விண்மீன் மறைந்தபோது மொத்த ஒளியில் விழுந்த குறைவு சிறியது. அவ்வாண்டுதான் நிறுவப்பட்ட 1 மீட்டர் கார்ல் சைஸ் தொலைநோக்கியில் வானியலாளர் ஜே. சி. பட்டாச்சாரியா இதைப் பதிவு செய்தார். இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதே மறைப்பு பதிவானது. இவ்விரு பதிவுகளிலும் ஒளி படிப்படியாகக் குறைந்ததாகக் கண்ட ஆய்வுக் குழு, வளிமண்டலம் இருப்பதாகவும் தரையழுத்தம் சுமார் 1 மைக்ரோபாருக்கு மேல் என்றும் 1973-இல் வெளியிட்டது.

அந்த அழுத்த அளவு நிலைக்கவில்லை. 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் புறஊதா ஒளியில் பார்த்தபோது, காற்று இருந்தாலும் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்ததாகவே இருக்க முடியும் என்று தெரிந்தது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1990-களில் எடுத்த நோக்கல்களில் ஆக்சிஜனின் ஒளிர்வு கிடைத்தது. இது உயிரினம் விட்ட மூச்சு அல்ல. வியாழனின் காந்தப்புலத்தில் சுழலும் மின்னூட்டத் துகள்கள் பனித்தரையை மோதி நீர் மூலக்கூறுகளை உடைப்பதால் பிறக்கும் வாயு.

பிழையான எண்ணைத் தந்ததற்காகக் காவலூர்ப் பதிவை ஒதுக்குவது நியாயமாகாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்டதும் இதே மறைப்பு முறையால்தான்; அந்த நிகழ்வும் காவலூரில் பதிவானது.

சூரியக் குடும்பத்துக்கு வெளியிலுள்ள கோள்களிலும் ஆய்வாளர்கள் காற்றின் ஓரத்தை உரசி வரும் விண்மீன் ஒளியையே படிக்கிறார்கள். ஆனால் அங்கே கோள் விண்மீனை முழுதாக மறைப்பதில்லை. அதன் முகத்தைக் கடந்து செல்கிறது. சுமார் 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதை 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலை காட்டியது. இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதனின் கேம்பிரிட்ஜ் குழு, பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்பைடின் தடயமும் அங்கே தெரிவதாக 2025-இல் அறிவித்தது. அதே தரவை மறுபடி அலசிய வேறு குழுக்கள், அதற்குச் சான்று போதாது என்கின்றன.