வட்டியும் முதலும்

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி சென்னையில் ஆர்பத்நொட் கம்பனி தன் கதவுகளை மூடியது. நூறாண்டுப் பழமை வாய்ந்த ஆங்கில வணிக நிறுவனம் அது. அரச உத்தியோகத்தர், ஓய்வூதியம் பெறுவோர், சிறு சேமிப்பாளர் என ஆயிரக்கணக்கானோர் தம் பணத்தை அங்கே வைப்பிலிட்டிருந்தனர்.

அவர்கள் எதனை நம்பினர்? கம்பனியின் தலைவர் சேர் ஜோர்ஜ் ஆர்பத்நொட்டின் பட்டத்தையும் செல்வாக்கையும் நம்பினர். வட்டி தவறாது வந்தது. ஆதலின் முதலும் பத்திரமாக உள்ளதெனக் கருதினர். மோசடி மறைந்திருந்த இடம் இதுவே. பழைய வைப்பாளருக்குரிய வட்டியைப் புதிய வைப்பாளரின் பணத்திலிருந்து கொடுக்க முடியுமாயின், முதல் அழிந்த பின்னரும் வட்டி வந்துகொண்டேயிருக்கும்.

இந்நிறுவனம் ஒரு கூட்டாண்மை. ஐந்தொகையை மக்கள் முன் வைக்கும் கடப்பாடு அதற்கிருக்கவில்லை. இலண்டனிலிருந்த அதன் கூட்டு நிறுவனம் ஊக வாணிபத்திற் பணத்தை இழந்தது. நிலைமையை அறிந்திருந்தும் சென்னையில் வைப்புகள் தொடர்ந்து பெறப்பட்டன. இலண்டன் கூட்டாளி மக்ஃபேடியன் புகையிரதத்தின் முன் விழுந்து மாண்டார். 1907இல் சேர் ஜோர்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆனால், இழந்தோரின் வாழ்நாட் சேமிப்பைத் தண்டனை மீட்டுத் தரவில்லை. அவ்வாண்டிலேயே வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் இந்தியன் வங்கி தோன்றியது.

நம் நாட்டு வரலாறும் இதனின்று வேறுபட்டதன்று. எண்பதுகளில் நிதிக் கம்பனிகள் பல முறிந்த பின்னரே 1988ஆம் ஆண்டின் 78ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2008இல், மத்திய வங்கியின் அனுமதியின்றி வைப்புப் பெற்ற கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தது. அதன் பின்னர் 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் சட்டம் பிந்தியே வந்தது. அதற்குரிய விலையைச் சிறு சேமிப்பாளரே முன்கூட்டிச் செலுத்தினர்.

ஆகவே, மோசடியைத் தடுக்கும் வேலையைச் சட்டத்திடம் மட்டும் விட்டுவிட நாம் துணியலாகாது. இக்கம்பனிக்கு அனுமதி உண்டா? கணக்கைப் பரிசோதித்தவர் வெளியாரா, உரிமையாளரின் வேண்டியவரா? நம் பணம் யாருக்குக் கடனாகிறது? அவர் உரிமையாளரின் உறவினரா? வங்கிகள் தரமுடியாத வட்டியை இவர்கள் எந்த இலாபத்திலிருந்து தருகின்றனர்? இவ்வினாக்களை எழுப்பவும், ஐந்தொகையை வாசிக்கவும் நம் மாணவர் கற்றாக வேண்டும். அதற்கு வணிகப் பாட வகுப்பு மட்டும் போதாது. உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் எல்லா வகுப்புகளிலும் அதனைக் கற்பித்தல் நம் கடமை.