காஞ்சியில் அடைக்கலம், கடலுக்கு அப்பால் அரியணை

கி.பி. 640-ஐ ஒட்டிச் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறுவது அவர் திட்டம். மூன்றே நாள் பயணம். ஆனால் முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கைப் பிக்குகள் அப்போதுதான் காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அங்கே மன்னர் இறந்துவிட்டார், ஒரே பஞ்சமும் குழப்பமும் என்றார்கள். துறவி பயணத்தைக் கைவிட்டார்.

இலங்கையில் ஆட்சி ஆட்டம் கண்டால் காஞ்சிக்குத் தெரிந்துவிடும். ஏனென்றால் தோற்றவர்கள் ஓடி வருவது இங்கேதான்.

அதே நூற்றாண்டில் அப்படி வந்தவன் மானவம்மன் என்ற இளவரசன். நரசிம்மவர்மப் பல்லவனிடம் சேவகத்தில் சேர்ந்தான். இருவரும் யானை மேலிருந்தபடி ஒரே இளநீரைப் பகிர்ந்து குடித்த அளவுக்கு நெருக்கம் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். வல்லபன் என்ற அரசன் படையெடுத்து வந்தபோது (இரண்டாம் புலிகேசி என்பதே பெரும்பாலோர் கருத்து), 'நீ செத்தால் உன் காரியம் கெட்டுவிடும்' என்று மானவம்மனை ஊரிலேயே விட்டுவிட்டுப் பல்லவன் புறப்பட்டான். மானவம்மனோ யானையேறிப் பின்னாலேயே போய்க் களத்தில் இறங்கிவிட்டான்.

கைம்மாறாகப் பல்லவப் படை கடல் தாண்டியது. ஆனால் பல்லவ மன்னன் நோய்வாய்ப்பட்டான் என்ற செய்தி எட்டியதும் படை பாதியில் திரும்ப, மானவம்மன் மறுபடி காஞ்சிக்கே வந்தான். இரண்டாம் முறை பல்லவன் ஒரு தந்திரம் செய்தான். தானே போவதாகப் போக்குக் காட்டிப் படையைக் கப்பலேற்றி, தன் முரசையும் அணிகலன்களையும் மானவம்மனிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத் தான் கரையிலேயே நின்றுகொண்டான். மன்னன் கூட வருகிறான் என்று நம்பிய படை இம்முறை திரும்பவில்லை. தலைநகர் அனுராதபுரம் மானவம்மனுக்குக் கிடைத்தது. அவன் வழியினர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு ஆண்டார்கள்.

ஆண்டுக் கணக்குதான் இடிக்கிறது. நரசிம்மவர்மன் 668-இல் மறைந்தவன். மானவம்மன் முடிசூடியதோ அதற்குப் பல ஆண்டு கழித்து. எனவே இரண்டாவது படையை அனுப்பியவன் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் என்பாரும் உண்டு. பல்லவரின் காசக்குடிச் செப்பேட்டுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. இலங்கையை வென்றதில் நரசிம்மவர்மன் ராமனையே மிஞ்சினான் என்று அடித்துச் சொல்கிறது. மானவம்மன் பெயர் அதில் இல்லை.

சோழர்கள் வந்தபின் அடைக்கலம் போய் நேரடி ஆட்சி வந்தது. 1017-இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். 1029-இல் சோழநாட்டிலேயே இறந்தான். பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது. 1070-இல் விஜயபாகு சோழரை விரட்டினான்.

அடுத்த நூற்றாண்டில் காட்சி தலைகீழ். பாண்டிய நாட்டில் வாரிசுச் சண்டை மூள, ஒரு பக்கத்துக்கு உதவியாக இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு லங்காபுரன் தலைமையில் படை அனுப்பினான். மறு பக்கத்துக்குச் சோழர் துணை நின்றார்கள். இந்தப் படையெடுப்பால் காஞ்சி வட்டாரத்தில் எழுந்த கலக்கத்தைப் பக்கத்து ஊரான ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு காட்டுகிறது. இலங்கைப் படை ராமேசுவரத்தில் பூசையை நிறுத்திவிட்டது என்று கேட்டுப் பதறிய சோழச் சிற்றரசன் எதிரிலிசோழச் சம்புவராயன், கௌட நாட்டிலிருந்து வந்த சைவ ஆசாரியர் உமாபதிதேவரிடம் ஓடினான். அவர் 28 நாள் பூசை செய்தார். பகைவர் தோற்றார்கள் என்ற செய்தி வந்தது. காணிக்கையாக ஆர்ப்பாக்கத்தில் 167 வேலி நிலம் அவருக்குப் போனது. நாடு பிடிக்கும் சோழ வல்லரசு, தன் எல்லைக்குள் அந்நியப் படை நுழைந்ததும் எவ்வளவு மிரண்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது: லங்காபுரன் முதலானோர் தலைகள் மதுரை வாசலில் அறையப்பட்டனவாம். மகாவம்சத்திலோ லங்காபுரனுக்கு வெற்றிக்கு மேல் வெற்றி. தமிழ்க் கைதிகள் இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்டுத் தூபி பழுதுபார்க்க விடப்படுகிறார்கள். இரண்டில் எதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பராக்கிரமபாகு மீண்டும் கப்பல்கள் கட்டத் தொடங்கவும், சோழர் தரப்பு பல்லவர் காலத்து உத்தியையே கையில் எடுத்தது. அவனுடைய மருமகனும் அரியணைக்குப் போட்டியாளனுமான ஸ்ரீவல்லபனை முன்னிறுத்தி மாதோட்டம், ஊர்காவற்றுறைப் பகுதிகளைத் தாக்கினார்கள். பிறகு பராக்கிரமபாகு, சோழரின் ஆளாக இருந்த குலசேகர பாண்டியனையே தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சோழர்களும் சளைக்கவில்லை. குலசேகரனைத் துரத்திவிட்டு மதுரையில் வீரபாண்டியனை உட்கார வைத்தார்கள். இலங்கைப் படை முதலில் கடல் கடந்து வந்து ஆதரித்தது அந்த வீரபாண்டியன் தரப்பைத்தான்.