விஜயலட்சுமி ரவீந்திரநாத்

விஜயலட்சுமி ரவீந்திரநாத் (பிறப்பு: 18 அக்டோபர் 1953, சென்னை) இந்திய நரம்பியல் அறிவியலாளர். பார்க்கின்சன், ஆல்சைமர், கேசரிப் பருப்பால் உண்டாகும் கால்முடக்கம் ஆகிய நோய்களில் நரம்பணுக்கள் எதனால் அழிகின்றன என்பதை மூலக்கூறு அளவில் ஆராய்ந்தவர். அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தின் முதல் இயக்குநர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் மையத்தையும், பின்னர் அதே வளாகத்தில் மூளை ஆய்வு மையத்தையும் தொடங்கி நடத்தியவர். நரம்பணு சாவதற்கு வெகு முன்பே அதனுள் திருத்தக்கூடிய ஒரு வேதிக்கோளாறு தோன்றிவிடுகிறது என்பதே இவரது ஆய்வுகள் அனைத்தையும் இணைக்கும் கருத்து.

வாழ்வும் கல்வியும்

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களைப் பெற்றார். 1981இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மேலாய்வு செய்து தாயகம் திரும்பினார். 1986இல் பெங்களூரிலுள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனத்தில் (நிம்ஹான்ஸ்) சேர்ந்தார். உடலுக்குள் புகும் மருந்துகளையும் நஞ்சுகளையும் மூளை எவ்வாறு கையாளுகிறது என்பதே அங்கே இவர் எடுத்துக்கொண்ட முதற்கேள்வி.

ஆய்வின் பின்புலம்

நரம்புச்சிதைவு நோய்களுக்கு இன்றுள்ள மருத்துவம் பெரும்பாலும் அறிகுறிகளைத் தணிப்பதோடு நிற்கிறது. கைநடுக்கத்தோடும் தளர்ந்த நடையோடும் ஒரு முதியவர் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனைக்கு வந்தாலும், உலகின் வேறெந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் நிலைமை ஒன்றுதான். நடுக்கம் வெளிப்படும் வேளையில் நடுமூளையின் கருநிறப் பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பங்கு அழிந்திருக்கும். லெவோடோபா மாத்திரை டோபமைன் குறையை ஈடுசெய்யும். எஞ்சிய நரம்பணுக்கள் அழிவதை அது நிறுத்தாது. அழிவின் முதற்படி எது என்று தெரிந்தால்தான் அதைத் தடுக்க வழி பிறக்கும். விஜயலட்சுமியின் ஆய்வு அந்த முதற்படியைத் தேடியது.

கேசரிப் பருப்பு நோய்

வறட்சியிலும் வெள்ளத்திலும் தாக்குப்பிடித்து விளைவது கேசரிப் பருப்பு. மத்திய இந்தியாவிலும் பீகாரிலும் பஞ்ச காலங்களில் ஏழை மக்கள் அதையே முதன்மை உணவாக மாதக்கணக்கில் உண்ண நேர்ந்தது. அவ்வாறு உண்டவர்கள் பலருக்குக் கால்கள் விறைத்து நடை முடங்கியது. முடங்கிய கால்கள் மீளவில்லை. பருப்பிலுள்ள ஓடாப் எனும் அமினோ அமிலம் இதற்குக் காரணம் என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. நரம்பணுக்களைக் கிளர்த்தும் குளூட்டமேட்டைப் போன்ற அமைப்புடையது அது.

அந்த நஞ்சு நரம்பணுவுக்குள் எதைத் தாக்குகிறது என்பதை விஜயலட்சுமியின் குழு 1990களில் காட்டியது. நரம்பணுவுக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்குவது மைட்டோகாண்ட்ரியா. அதன் ஆற்றல் தொடரில் முதலில் நிற்கும் நொதித்தொகுதி 'முதலாம் கூட்டமைவு' எனப்படும். ஓடாப் கொடுத்த எலிகளில், இயக்கத்தை ஆளும் மூளைப்புறணியிலும் இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலும் இந்தக் கூட்டமைவு செயலிழந்தது. நோயாளிகளில் பாதிப்புறும் பகுதிகளும் இவையே.

அதன் புரதங்களிலுள்ள கந்தகம் சார்ந்த தயோல் தொகுதிகள் ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் காரணம் என்று தெரியவந்தது. நரம்பணு சாவதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடுகிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்த தொகுதிகளை வேதிமுறையில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தபோது நொதியின் செயல் மீண்டது. நரம்பணு செத்தபின் மீட்க இயலாது. அதற்கு முந்தைய கட்டத்தில் மீட்கலாம் என்ற நம்பிக்கைக்கு இது அறிவியல் அடித்தளம் இட்டது.

பார்க்கின்சன் நோயும் குளூட்டாரெடாக்சினும்

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கலப்படப் போதைமருந்தை ஊசிவழி ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், முதிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோயினர். அதிலிருந்த எம்.பி.டி.பி. எனும் வேதிப்பொருள் மூளைக்குள் நஞ்சாக மாறி, டோபமைன் நரம்பணுக்களின் முதலாம் கூட்டமைவை முடக்குகிறது என்று கண்டறியப்பட்டது. இயற்கையாகப் பார்க்கின்சன் நோய் வந்து இறந்தவர்களின் கருநிறப் பகுதியிலும் அதே கூட்டமைவு பழுதுபட்டிருந்தது 1989இல் அறியப்பட்டது. பருப்பு நஞ்சும் பார்க்கின்சன் நஞ்சும் ஒரே இடத்தைத் தாக்குவதால், பருப்பில் கற்ற பாடத்தை விஜயலட்சுமியால் பார்க்கின்சன் ஆய்வுக்கும் கொண்டுசெல்ல முடிந்தது.

ஆக்சிஜனேற்றம் அடைந்த புரதத் தயோல்களைச் சீராக்கும் நொதிகளில் ஒன்று குளூட்டாரெடாக்சின். எம்.பி.டி.பி. கொடுத்த எலிகளின் மூளையில் இந்த நொதி பெருகியபோது முதலாம் கூட்டமைவும் மீண்டது. நொதி உருவாகாமல் தடுத்தபோது மீளவில்லை. மூளையின் ஆற்றல் உற்பத்தியைக் காப்பதில் குளூட்டாரெடாக்சின் இன்றியமையாதது என்பதை 2003இல் வெளியான இந்த ஆய்வு நிலைநாட்டியது.

மறுஆண்டு வெளியான ஆய்வு, ஆண்–பெண் வேறுபாட்டை ஆராய்ந்தது. பார்க்கின்சன் நோய் பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி. கேசரிப் பருப்பு முடக்கமும் மகப்பேற்று வயதுப் பெண்களிடம் குறைவு. பெண் எலிகளின் மூளையில் குளூட்டாரெடாக்சின் இயல்பாகவே கூடுதலாக இருப்பதையும், ஈஸ்ட்ரோஜன் அதை உயர்த்துவதையும், அதனால் அவை எம்.பி.டி.பி. நஞ்சிலிருந்து காக்கப்படுவதையும் இவரது குழு கண்டது. நரம்பணுவைச் சாவை நோக்கித் தள்ளும் சமிக்ஞைத் தொடர், நஞ்சுக்கு உள்ளான எலிகளின் கருநிறப் பகுதியில் தூண்டப்படுவதும், லிப்போயிக் அமிலம் அதைத் தணிப்பதும் அடுத்தடுத்த ஆய்வுகளில் வெளிவந்தன.

மூளையில் மருந்து மாற்றம்

மருந்துகளை வேதிமாற்றம் செய்யும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் கல்லீரலுக்கே உரியவை என்ற எண்ணம் முன்பு பரவலாக இருந்தது. பிணக்கூராய்வில் பெற்ற மனித மூளைத் திசுவில் அவை இருப்பதையும் செயல்படுவதையும் 1989இல் இவரது குழு வெளியிட்டது. பதற்றத்துக்குத் தரப்படும் அல்பிரசோலம் போன்ற மருந்து, கல்லீரலில் ஒருவிதமாகவும் மூளையில் வேறுவிதமாகவும் மாறுகிறது என்பதையும் பின்னர் காட்டியது. இரத்தத்தில் ஒரே அளவு மருந்து இருந்தும் அதன் விளைவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்கு இது ஒரு விளக்கம்.

ஆல்சைமர் நோய்

ஆல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலாய்டு பீட்டா புரதத்தை அகற்றும் முயற்சிகள் பெரும்பாலும் மூளையையே இலக்காகக் கொண்டவை. 2012இல் இவரது குழு வேறு வழியைக் காட்டியது. சித்த மருத்துவத்தில் அமுக்கரா என வழங்கும் அசுவகந்தாவின் வேர்ச்சாற்றை, ஆல்சைமர் மாதிரி எலிகளுக்கு 30 நாள் வாய்வழி கொடுத்தபோது நினைவாற்றல் மேம்பட்டது. அமைலாய்டு படிவும் குறைந்தது. சாறு செயல்பட்ட இடம் மூளை அல்ல, கல்லீரல். அங்கே எல்.ஆர்.பி. எனும் ஏற்பிப் புரதம் பெருகி, இரத்தத்தின் வழியே அமைலாய்டை வெளியேற்றியது. கல்லீரலில் மட்டும் அந்தப் புரதத்தைக் குறைத்தபோது பயன் மறைந்தது. இது எலிகளில் கிடைத்த முடிவு. கடையில் கிடைக்கும் அமுக்கரா சூரணம் மறதிநோயைத் தீர்க்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் நுண்புடைப்புகளின் வடிவத்தைத் தாங்குவது ஆக்டின் இழை. நோயின் தொடக்கத்திலேயே அந்த இழை குலைவதால் நினைவு தடுமாறுகிறது என்று 2018இலும், குளூட்டாரெடாக்சின் அந்தக் குலைவைத் திருத்தி எலிகளின் நினைவை மீட்கிறது என்று 2019இலும் இவரது குழு எழுதியது. கேசரிப் பருப்பில் தொடங்கிய தயோல் வேதியியல் இவ்வாறு ஆல்சைமர் நோய்க்கும் பொருந்திற்று.

நிறுவனப் பணி

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை மூளை ஆய்வுக்கெனத் தனி நிறுவனம் அமைக்க முனைந்தபோது பொறுப்பு இவரிடம் வந்தது. மானேசரில் உருவான தேசிய மூளை ஆய்வு மையத்தை 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2009இல் இவர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்து நரம்பியல் மையத்தின் தலைவரானார். தொழிலதிபர் கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதீக்ஷா அறக்கட்டளை அளித்த நன்கொடையில் அங்கே மூளை ஆய்வு மையம் எழுந்தது.

அந்த மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரா வட்டத்துக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மறதிநோய் ஆய்வுகளில் பெரும்பகுதி மேலைநாட்டு மக்களை வைத்தே நடந்தவை. அவர்களின் மரபணுவும் உணவும் கல்விநிலையும் வேறு. 2023இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கின்றனர். ஏறத்தாழ 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தை ஒருங்கிணைத்ததும் இதே மையம்தான்.

விருதுகள்

சாந்தி சுவரூப் பட்நாகர் விருது (மருத்துவ அறிவியல், 1996), ஓம் பிரகாஷ் பாசின் விருது (2001), ஜே. சி. போஸ் ஆய்வுத்தகைமை (2006), பத்மஸ்ரீ (2010) ஆகியவை இவர் பெற்ற சிறப்புகளில் சில. இந்தியாவின் முதன்மை அறிவியல் கழகங்கள் இவரை உறுப்பினராகத் தேர்ந்துள்ளன.

முக்கியத்துவம்

ஏழைகளின் தட்டிலிருந்த பருப்பைத் தள்ளிவிடாமல் உலகளாவிய நோய்களின் திறவுகோலாகக் கண்டது விஜயலட்சுமியின் தனிச்சிறப்பு. அழிவுக்கு முன்னே திருத்தக்கூடிய கட்டம் ஒன்று உண்டு என்று ஆய்வகத்தில் அறிந்தவர், அந்தக் கட்டத்தை மனிதரில் அடையாளம் காண ஊர் ஊராக மக்களைத் தேடிச் செல்லும் ஆய்வையும் தொடங்கிவைத்தார். முதியோர் பெருகிவரும் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இது நேரடியாகப் பயன்படும் அறிவு: அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், நடுவயதிலேயே மூளைநலத்தைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இவரது ஆய்வுகள் வலுவான காரணம் தருகின்றன.