எல்கார்ட் பித்தளை ஊதுகருவித் தொழிலில் செலவுக் குறைப்பும் தரமும்: கான் நிறுவனத்தை முன்வைத்து

முன்னுரை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சார்ந்த எல்கார்ட் நகரம் பித்தளை ஊதுகருவித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சார்லஸ் ஜெரார்ட் கான் 1870களில் அங்குத் தொடங்கிய பட்டறையே அதற்கு வித்திட்டது. இரப்பர் விளிம்புடைய ஊதுவாயே அவர் முதலில் விற்ற பொருள். பின்னர் யூஜின் டூப்பான் என்னும் பிரெஞ்சுக் கைவினைஞருடன் இணைந்து கார்னெட் செய்யலானார். ஏறத்தாழ நூற்றாண்டுக்குப் பின் அந்நிறுவனம் எல்கார்ட்டை விட்டு நீங்கியது. அதன் பித்தளைக் கருவிகளின் மதிப்பும் சரிந்தது. செலவைக் குறைத்ததால் தரம் கெட்டது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். ஆயின், செலவைக் குறைத்துக்கொண்டே தரத்தை உயர்த்திய காலமும் இந்நிறுவன வரலாற்றில் உண்டு. ஆகவே, எச்செலவு குறைக்கப்பட்டது என்பதே ஆராயத்தக்கது.

செலவு மறைந்திருக்கும் இடங்கள்

டிரம்பெட்டின் விரிந்த வாய்ப்பகுதியை இரு முறைகளில் செய்வர். ஒற்றைத் தகட்டை வெட்டி மடித்து, விளிம்புகளைப் பற்றவைத்து, சுத்தியலால் தட்டி, எஃகு அச்சின்மேல் சுழற்றி உருவாக்குவது ஒன்று. விரிவையும் குழலையும் தனித்தனியே செய்து இணைப்பது மற்றொன்று. பின்னதில் உழைப்பும் தகடும் மிச்சமாகும். எனினும் இரண்டு முறைகளிலும் நல்ல கருவிகள் செய்யப்பட்டுள்ளன. எனவே முறையை மட்டும் கொண்டு தரத்தை முடிவுசெய்தல் பொருந்தாது.

பிஸ்டனின் நிலை வேறு. பிஸ்டனுக்கும் அது இயங்கும் உறைக்கும் இடையே தலைமுடியின் தடிப்பினும் குறைந்த இடைவெளியே இருத்தல் வேண்டும். இடைவெளி மிகுந்தால் காற்றுக் கசியும். குறைந்தால் பிஸ்டன் சிக்கும். எந்திரம் கடைந்து தந்த பின்னரும் அரைப்புப் பொடியிட்டுத் தேய்த்து ஒன்றற்கொன்று பொருத்தும் வேலை எஞ்சியிருக்கும். அவ்வாறே, ஒன்றோடொன்று நேர்படாத குழல்களை வலிந்து நெருக்கிப் பற்றாசு வைத்தால் அந்த இறுக்கம் கருவிக்குள்ளேயே தங்கிவிடும். மெருகேற்றிய பின் இக்குறைகள் கண்ணுக்குப் புலப்படா. வாங்குவோர் காண்பது பளபளப்பை மட்டுமே. அதிலும் கருவியைப் பெரும்பாலும் வாங்கித் தருபவர் பெற்றோர். ஊதுபவர் பள்ளி மாணவர். ஊத வராமைக்குக் கருவி காரணமா, தம் உதடு காரணமா என அம்மாணவர் அறிய வழியில்லை.

கிரீன்லீஃப் காலம்

1915இல் நிறுவனத்தை வாங்கிய கார்ல் கிரீன்லீஃப், தொழிற்கலைஞர்களை மட்டும் நம்பியிராமல் பரந்த சந்தையை நாடினார். நீரழுத்தத்தால் குழலை அச்சுக்குள் விரிக்கும் முறையைப் புகுத்தினார். 1917 அளவில் ஏறத்தாழ 550 தொழிலாளர் மாதத்திற்கு 2,500 கருவிகள் செய்தனர். கைவேலையைக் குறைத்த இம்முறை, ஒரே அளவிலான குழல்களையும் தந்தது. 1928இல் நிறுவனத்திற்குள்ளேயே ஆய்வுக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1938இல் வந்த 'கோப்ரியன்' வாய்ப்பகுதி தனித்துச் சுட்டத்தக்கது. அச்சின்மேல் மின்முறையில் செம்பைப் படியச்செய்து, இணைப்புத் தழும்பே இல்லாமல் அது உருவாக்கப்பட்டது. மடித்தல், பற்றவைத்தல், தட்டுதல் ஆகிய மூன்று வேலைகளும் ஒருசேர நீங்கின. இருப்பினும் அதனை மலிவுச் சரக்கு என எவரும் ஒதுக்கவில்லை. இங்குக் குறைந்தவை வேலைப்படிகளே. அளந்து சோதிப்போர் ஆலையில் இருந்தனர்.

இடப்பெயர்ச்சி

1969இல் நிறுவனம் குரோவெல்-கோலியர்-மேக்மில்லன் என்னும் பதிப்பக நிறுவனத்தின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டே தலைமை அலுவலகம் இல்லினாய் மாநிலத்திற்குச் சென்றது. பித்தளைக் கருவி உற்பத்தி டெக்சாஸின் ஏபிலீனுக்கு மாற்றப்பட்டது. வரைபடங்களும் எந்திரங்களும் வண்டியேறின. எல்கார்ட்டில் தலைமுறைகளாகத் திரண்டிருந்த கைத்திறன் அவ்வாறு ஏறக்கூடியதன்று. பிஸ்டன் எப்போது போதுமான அளவு தேய்ந்தது என்பதை விரலால் அறிபவருக்கு எந்த வரைபடமும் ஈடாகாது. ஏபிலீன் தொழிலாளரைக் குறைகூறுவது முறையன்று. அவர்களுக்குக் கற்றுத்தரும் மூத்த கைகளை உடனனுப்பாததே குறை. 1980இல் டேனியல் ஹென்கின் நிறுவனத்தை வாங்கியபோது மீட்கவேண்டியதாக இருந்தது கணக்கேடு மட்டுமன்று, இழந்த நன்மதிப்பும்தான்.

கான் விட்டுச்சென்ற எல்கார்ட் ஆலையைச் செல்மர் நிறுவனம் வாங்கி, பாக் டிரம்பெட்டுகளை அங்குச் செய்யத் தொடங்கியது. 2006 ஏப்ரலில் பாக் தொழிலாளர் ஏறத்தாழ 230 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனம் மாற்று ஆட்களை அமர்த்தியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில் தொழிற்சங்கமே தன் ஏற்பை இழந்தது. இன்றும் பழைய கருவி வாங்க வருவோர் மெருகைப் பார்ப்பதற்கு முன் பிஸ்டன் உறையில் பொறித்த வரிசை எண்ணைப் பார்க்கின்றனர். கருவி எந்த ஆண்டில், எந்த ஊரில் உருவானது என்பதை அவ்வெண் காட்டிவிடும். எல்கார்ட் கானுக்கும் ஏபிலீன் கானுக்கும் விலையே வேறு.