கூண்டைத் திறந்து விடலாமா?



சென்ற மாதம் லிஃப்டில் ஒரு சிறுவன், "தாத்தா, எங்க வீட்டு லவ் பேர்ட்ஸைத் திறந்து விட்டுடலாமா? பாவம்தானே?" என்று கேட்டான். அவன் இறங்கும் மாடி வந்துவிட்டது. பதிலை இங்கே சொல்கிறேன்.

நம் ஊரில் வளர்ப்புப் பறவை என்றாலே பச்சைக்கிளிதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கைக்குத் தினமும் இலைகளால் புதிதாகக் கிளி செய்கிறார்கள். மதுரை மீனாட்சி கோயிலில் கிளிக்கூட்டு மண்டபமே உண்டு. ஒரு காலத்தில் அங்கே கிளிகளைக் கூண்டில் வளர்த்தார்கள். என் பாட்டி வீட்டுத் திண்ணையிலும் இறக்கை நறுக்கிய கிளி ஒன்று இருந்தது. அன்று யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

ஆனால் அந்தக் கிளிகள் மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வந்து விற்கப்பட்டவை. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள். இன்று பச்சைக்கிளி, மைனா, முனியா எதையும் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கிளி ஜோசியர்களிடமிருந்து வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்வது இதனால்தான்.

லவ் பேர்ட்ஸ் கதை வேறு. அந்தப் பெயரில் நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியப் பறவை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பட்ஜெரிகரை 1840-ல் ஜான் கூல்டு என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். காட்டில் அதற்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம்தான். நாம் பார்க்கும் நீலம், வெள்ளையெல்லாம் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. நம் ஊர் வெளியில் இரை தேடவோ எதிரியிடம் தப்பவோ அதற்குத் தெரியாது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். 1983-ல் மாற்றல் உத்தரவு வந்தபோது, புண்ணியம் என்று நினைத்து வீட்டிலிருந்த ஜோடியைத் திறந்து விட்டேன். பத்து நிமிடத்தில் காகங்கள் ஒன்றைக் கொத்திவிட்டன. மற்றது என்ன ஆயிற்றோ! நாற்பது வருடமாகியும் அந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை.

ஆகவே தம்பி, திறந்து விடாதே. வளர்க்க முடியாவிட்டால், வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடு. புதிதாக வளர்க்க விரும்புவோரும் கடைக்குப் போகுமுன், ஊர் மாறிப் போகிறவர்கள் யாராவது தங்கள் பறவைகளைத் தர இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அவை கூட்டமாக வாழ்பவை. தனியாக ஒன்றை வைக்காதீர்கள். இறக்கை விரித்துப் பறக்க அகலமான கூண்டு வேண்டும். தினையோடு கீரையும் கொடுங்கள். நான்-ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடானால் வரும் புகை அவற்றைக் கொன்றுவிடும். கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்க வேண்டாம்.

அடிபட்ட பச்சைக்கிளி பால்கனியில் விழுந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது நம்முடையதல்ல, காட்டுடையது.