வராத மணி நேரத்துக்கு என்ன விலை?

கொல்கத்தாவில் ஆடி மாத மழை எப்படி இருக்கும் என்று இங்கே குப்பை கொட்டும் நம்மவர்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டினால் போதும், பாதி ஊர் முழங்கால் தண்ணீரில் நிற்கும். போன வருடம் அப்படி ஒரு வியாழக்கிழமை. ஆறு மணிக்கு வரவேண்டிய பெண் வரவில்லை. தமிழ்ப் பெண், இங்கே ஒரு அலுவலகத்தில் வேலை, சொந்தபந்தம் யாரும் இந்த ஊரில் கிடையாது. (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆறேகாலுக்கு ஃபோன் செய்தார். "சார், மேனேஜர் இப்பத்தான் விட்டாரு. ரோடெல்லாம் தண்ணி. வர முடியாது போல."

அது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை கேட்டேன். முன்கூட்டியே சொல்லாமல் வராவிட்டால் முழு ஃபீஸ், 900 ரூபாய். முதல் நாள் கையெழுத்து வாங்கிய தாளில் அது இருக்கிறது.

"வராததுக்கும் காசா சார்?"

"முதல் நாளே சொல்லியிருந்தேனேம்மா."

அன்று ராத்திரியே பணம் வந்துவிட்டது. கூடவே "பணம் அனுப்பிட்டேன் சார், தேங்க்ஸ்" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு இருபத்தி இரண்டு பேரைப் பார்க்கிறேன். அதில் நாலு பேர் வராமல் போனால் 3600 ரூபாய் போச்சு. வாடகை குறையாது. பல் டாக்டராவது அந்த நேரத்தில் வெளியே உட்கார்ந்திருக்கும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். என் தொழிலில் வெளியே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்த ஐம்பது நிமிடம் அந்த ஒருவருக்கு என்று வைத்தது. அவர் வராவிட்டால் நான் சுவரைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த விதியை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வைத்திருந்தார், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் வைத்திருந்தார். இப்படியே பிடித்துக்கொண்டு மேலே போனால் வியன்னாவில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும். பெர்க்காஸ்ஸ தெரு, 19ஆம் எண். சிக்மண்ட் ஃப்ராய்டின் வீடு.

1913இல் ஃப்ராய்ட் சிகிச்சையை எப்படி ஆரம்பிப்பது என்று சக மருத்துவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். அதில் காசு விஷயத்தை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறார். ஒவ்வொரு நோயாளிக்கும் என் நாளில் ஒரு மணி நேரத்தைக் குத்தகைக்கு விடுகிறேன், அது அவருடையது, அவர் பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு அவர்தான் பொறுப்பு. இதுதான் சாரம். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டோ மொழியோ சொல்லித்தரும் வாத்தியார்கள் இப்படித்தான் வாங்குகிறார்கள், டாக்டர் வாங்கினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஆள் அப்போது வாரத்துக்கு ஆறு நாள், ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் தவிர, நோயாளிகளைப் பார்த்துக் கொண்டிருந்தார் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அவர் சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று, வயிற்றுப்பாடு. தளர விட்டால் "இன்றைக்கு மட்டும்" வராமல் இருப்பவர்கள் பெருகி, டாக்டரின் பிழைப்பே ஆட்டம் காணும். இரண்டாவது, சிகிச்சை சம்பந்தப்பட்டது. கண்டிப்பாக இருந்தால் இந்தத் தற்செயல் தடங்கல்கள் மாயமாக மறைந்துவிடுகின்றனவாம். மனசுக்குள் கிடக்கும் வலியான விஷயம் மேலே வரப் போகிறது என்ற நேரத்தில்தான் பஸ் தவறும், தலை வலிக்கும், விருந்தாளி வருவார். இதை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் பார்த்திருப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே கட்டுரையில் ஒரு விதிவிலக்கும் உண்டு. இதைப் பலர் சொல்வதில்லை. உண்மையான உடல் நோய் வந்தால் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார். அந்த மணி நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறார். குணமாகித் திரும்பும்போது இடம் காலியாக இருந்தால் சேர்த்துக் கொள்கிறார். ஆக, ஃப்ராய்டே கண்ணை மூடிக்கொண்டு வசூலிக்கச் சொல்லவில்லை.

அவருக்கு நேரம் எப்படிச் சில்லறைக் காசு போல இருந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியப் பணத்துக்கு மதிப்பே இல்லை. டாலரில் கொடுக்கும் வெளிநாட்டவர்களை ஃப்ராய்ட் அதிகம் ஏற்றுக்கொண்டார். 1921இல் ஏப்ரம் கார்டினர் என்ற அமெரிக்க டாக்டர் மணிக்குப் பத்து டாலர் என்று பேசி வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் இடத்தைவிட ஒரு ஆள் அதிகம். ஐந்து பேருக்கு ஆறு நாள் என்றால் முப்பது மணி நேரம். ஆறு பேருக்கு ஐந்து நாள் என்றாலும் அதே முப்பதுதானே? கணக்கைச் சொன்னவர் மகள் அன்னா. அன்றிலிருந்து அவர்களுக்கு வாரத்துக்கு ஐந்து நாள்! கார்டினர் இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வாரத்துக்கு இத்தனை சிட்டிங் என்று நாங்கள் பயபக்தியோடு கடைப்பிடிக்கும் விதிகளில் சில இப்படியும் பிறந்திருக்கின்றன :-)

இதோடு நிறுத்தினால் ஃப்ராய்டைக் காசாசைக்காரர் என்று முடித்துவிடலாம். அது நியாயமில்லை. ரஷ்யாவிலிருந்து வந்த பெரும் பணக்காரர் செர்கே பங்கெஜெஃப், 'ஓநாய் மனிதன்' என்று புத்தகங்களில் வருகிறவர், புரட்சியில் சொத்தை எல்லாம் இழந்து நின்றபோது ஃப்ராய்ட் அவருக்கு இலவசமாகச் சிகிச்சை தந்தார். பிறகு வருடா வருடம் நண்பர்களிடம் வசூல் செய்து பணமும் கொடுத்தார்.

அதைவிட முக்கியம் 1918 செப்டம்பரில் புடாபெஸ்ட் மாநாட்டில் அவர் பேசியது. ஏழைக்கு அறுவை சிகிச்சை பெற உரிமை இருப்பது போல மனத்துக்கான சிகிச்சைக்கும் உரிமை உண்டு என்று சமூகத்தின் மனசாட்சி ஒரு நாள் உணரும், அப்போது இலவச மருத்துவமனைகள் வரும் என்றார். ஐந்து வருடத்துக்கு முன்னால், பத்து வருடம் போல தினமும் ஒரு மணி நேரத்தை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தேன், எதிர்பார்த்த பலன் இல்லை என்று எழுதிய அதே மனிதர்!

சொன்னதோடு போகவில்லை, நடக்கவும் செய்தது. 1920 பிப்ரவரியில் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கன் தன் குடும்பப் பணத்தைப் போட்டு ஒரு கிளினிக் திறந்தார். முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள், முடியாதவர்கள் கொடுக்கவில்லை. 1922இல் வியன்னாவிலும் ஒன்று வந்தது. நாஜிகள் வந்ததும் பெர்லினில் இருந்தது அவர்கள் கைக்குப் போனது, வியன்னாவில் இருந்தது 1938இல் மூடப்பட்டது. அந்தப் பரம்பரை அறுந்துபோனது. தப்பி ஓடியவர்கள் பலர் அமெரிக்காவில் தனியார் கிளினிக் வைத்தார்கள். குத்தகை விதியும் கூடவே கப்பலேறியது என்பது என் எண்ணம்.

அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் இந்த விதியை நேராக எதிர்த்தார். ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன். மேரிலாந்தில் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் மிகக் கடினமான நோயாளிகளோடு வேலை செய்தவர். 1950இல் எழுதிய பாடநூலில் அவர் கேட்டது எளிமையான கேள்வி. செய்யாத வேலைக்குக் கூலி கிடையாது என்பது ஊர் வழக்கம், மனநல மருத்துவருக்கு மட்டும் அதிலிருந்து ஏன் விலக்கு? "வராததுக்கும் காசா சார்?" என்று என்னிடம் கேட்கப்பட்டதும் இதேதான்.

அமெரிக்க அரசு இதற்கு வேறு மாதிரி பதில் சொன்னது. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் இருப்பவர்களிடமும் வராத நேரத்துக்குக் கட்டணம் வாங்கலாம், மற்ற நோயாளிகளிடமும் அதே அளவு வாங்கினால் சரி என்று 2007இல் தெளிவுபடுத்தினார்கள். அவர்கள் தந்த விளக்கம் சுவாரசியம்: இது மருத்துவ சேவைக்கான கட்டணமே இல்லை, கைநழுவிய வியாபார வாய்ப்புக்கான கட்டணம். அதனால் மெடிகேர் அதைக் கொடுக்காது, நோயாளிதான் கொடுக்க வேண்டும். ஃப்ராய்ட் சிகிச்சையின் பகுதி என்று சொன்னதை இவர்கள் சுத்தமாக வியாபாரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு விதத்தில் நேர்மைதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் இருக்கும் இந்த ஊரில்தான் இந்தியாவில் இது ஆரம்பித்தது. கிரீந்திரசேகர் போஸ் என்ற வங்காள டாக்டர் ஃப்ராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1922இல் பார்சி பாகான் சந்தில் தன் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சந்து வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிற்பேன். ஆனால் என்னை யோசிக்க வைத்தது அவருடைய இன்னொரு வேலை. 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி. கர்) மனநோய்க்கு ஒரு வெளிநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார்.

வெளிநோயாளிகள் பிரிவில் 'வராத நேரம்' என்று ஒன்று கிடையாது. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறோம். முன்னால் இருப்பவர் வராவிட்டால் அடுத்தவர் போகிறார், டாக்டர் சும்மா இருப்பதே இல்லை. அப்படியென்றால் அங்கே நஷ்டமே இல்லையா? இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வந்து மதியம் ஒரு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் தலையில் இருக்கிறது. அன்றைய கூலி போகும். அதற்கு யாரும் ரசீது போடுவதில்லை.

நான் ஃபீஸ் வாங்குவதும் இதே கணக்கின் மறுபக்கம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இருவரில் ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும். வரிசையில் நோயாளி காத்திருக்கிறார், அப்பாயிண்ட்மெண்ட்டில் டாக்டர் காத்திருக்கிறார். டாக்டர் காத்திருந்தால் பில் வருகிறது, நோயாளி காத்திருந்தால் வருவதில்லை. என் கிளினிக்கிலேயே முந்தைய சிட்டிங் இழுத்து நான் இருபது நிமிடம் தாமதமான நாட்கள் உண்டு. அதற்கு நான் யாருக்கும் 360 ரூபாய் திருப்பிக் கொடுத்ததில்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவு இந்த இடத்தில் நல்ல வழிகாட்டி. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்பே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது. தண்டிப்பது நோக்கமாக இருக்கக்கூடாது. அபராதத்துக்கு வேறு ஒரு குணமும் உண்டு. இஸ்ரேலில் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். பிள்ளையைத் தாமதமாக அழைத்துப் போகும் பெற்றோருக்குப் பத்து ஷெக்கல் அபராதம் போட்டதும் தாமதம் கூடியது. முன்பு டீச்சரிடம் இருந்த கூச்சம், காசு கொடுத்ததும் போய்விட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. அந்தப் பெண் "பணம் அனுப்பிட்டேன் சார்" என்று எழுதியதை நினைத்துக் கொண்டேன். கணக்குத் தீர்ந்தது, உறவும் தீர்ந்தது.

என் விதியை இப்போது மாற்றியிருக்கிறேன். முழுவதும் எடுக்கவில்லை, எடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். நோய், சாவு, வெள்ளம், ஷிஃப்ட் மாற்றம், இவற்றுக்குக் கட்டணம் கிடையாது. மற்றவற்றுக்குப் பாதி. அந்த நேரத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டால் அதுவும் கிடையாது. என்னால் தாமதமானால் அதைக் கழித்துக்கொண்டுதான் வாங்குகிறேன். முக்கியமானது, ஃபோனில் கேட்பதே இல்லை. அடுத்த முறை நேரில் வந்து உட்கார்ந்த பிறகு, ஏன் வர முடியவில்லை என்று பேசி முடித்துத்தான் காசுப் பேச்சு.

ஃப்ராய்ட் சொன்னதில் பாதி சரி. வராமல் இருப்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கலாம். ஆனால் அந்த அர்த்தத்தைக் கேட்கிற முன்னால் நான் பில்லை அனுப்பிவிட்டேன். "மேனேஜர் இப்பத்தான் விட்டாரு" என்று அவர் சொன்னதில் எங்கள் இரண்டு மாதப் பேச்சும் அடங்கியிருந்தது. அவர் என்னிடம் வந்ததே, யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வரவில்லை என்பதற்காகத்தான். என்னிடமும் சொல்லவில்லை, 900 ரூபாயை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.